கேளுங்க, அக்கா சொல்றேன்

கேள்வி: அக்கா, எங்கம்மாவுக்கு 74 வயசு, சுங்கை சிப்புட்ல பழைய தோட்டத்து வீட்டுல தனியா இருக்காங்க, நான் கேஎல்ல (கோலாலம்பூர்) வேலை. போன மாசம் பின்பக்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து ரெண்டு மணி நேரம் எந்திரிக்க முடியாம கெடந்திருக்காங்க, போன் சாமி மேடைகிட்ட சார்ஜ்ல இருந்துச்சாம். அமுக்குனா நமக்குப் போன் அடிக்கிற, கழுத்துல மாட்டுற அவசர பட்டன் வாங்கித் தரேன்னா "நான் என்ன மாடா, மணி கட்டுறதுக்கு"ங்குறாங்க. என்ன செய்ய?

பதில்: எங்க மாமியாரும் இதே கதைதான் தங்கச்சி. வாங்கி மாட்டிவிட்டோம், ஆனா குளிக்கப் போறப்ப மட்டும் கழட்டி ஆணியில தொங்கவிட்டுட்டுப் போவாங்க, தண்ணி பட்டா கெட்டுருமாம், விழுறதே அங்கதானே! அதனால ஐபி67ன்னு (தண்ணி உள்ள போகாதுங்குற குறி) போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க, அதோடயே குளிக்கலாம்னு ஒருவாட்டி அம்மா கண்ணு முன்னாடியே தண்ணி ஊத்திக் காட்டுங்க. கழுத்து வேணாம்னா கையில கட்டுறதும் இருக்கு.

ஆன்லைன்ல மலிவா கிடைக்குதுன்னு பழைய மாடலை வாங்கிறாதீங்க, நம்ம மலேசியாவுல 2021 கடைசியோட 3ஜி நிறுத்தியாச்சு, 4ஜி சிம் போடுறதா கேளுங்க. அந்த சிம்முக்கு டாப்அப் போட மறந்தா அப்புறம் அது வெறும் டாலர்தான். வாங்குனதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேருந்து அமுக்கிப் பாருங்க, தகரக் கூரைக்கு அடியில சில இடத்துல லைன் கிடைக்காது.

விழுந்தா தானா கூப்பிடும்னு சொல்வாங்க. தொபுக்குன்னு விழுந்து அடிபட்டு அசையாம கெடந்தா சென்சாருக்குத் தெரியும், நாற்காலியிலேருந்து மெல்ல சரிஞ்சு உக்காந்துட்டா தெரியாமப் போகலாம், ஆனா துணியைக் கல்லுல ஓங்கி அடிச்சா கத்துனாலும் கத்தும். அதனால பட்டன் அமுக்கப் பழக்குங்க.

இன்னொன்னு, அலாரம் உங்களுக்கு அடிச்சு என்ன, நீங்க கேஎல்லேருந்து போய்ச் சேரவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். முதல் நம்பரா பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவோ எதிர்வீட்டு அண்ணனோ இருக்கணும், அவங்ககிட்ட கிரில் சாவி ஒன்னு குடுத்து வைங்க, நம்மாளுங்க உள்பக்கமா மாங்கா பூட்டு போட்டுக்குவோம்ல, ஓடி வந்தவங்க வெளிய நின்னு கத்த வேண்டியதுதான். ரொம்ப நேரம் தரையிலயே கெடந்தா சதை நசுங்கி கிட்னி வரைக்கும் பாதிக்கும், அதனாலதான் இவ்ளோ சொல்றேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா எந்திரிக்குறப்போ தலை சுத்துதான்னு கிளினிக்ல சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலையில அடிபட்டா, காயமே இல்லன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

கேள்வி: அப்பாவுக்கு 68, அண்ணன் ஆப்பிள் வாட்ச் வாங்கிக் குடுத்திருக்காரு. அவரு விழுந்தா அதுவே அவசர நம்பர் 999க்கு அடிக்குமா? (பகாவ் வாசகர்)

பதில்: 2018ல வந்த சீரிஸ் 4லேருந்து அந்த வசதி இருக்கு தம்பி. பலமா விழுந்து ஒரு நிமிஷம் போல அசையலன்னா அவசர நம்பருக்குத் தானா அடிக்கும், ஆனா போன் பக்கத்துல இருக்கணும், இல்ல வாட்ச்சுக்கே லைன் இருக்கணும். வயசு 55க்கு மேலன்னு பதிஞ்சிருந்தா தானா ஆன் ஆகும், அவசரத்துல யாராச்சும் பிறந்த வருஷத்தைத் தப்பா போட்டிருக்காங்களான்னு பாருங்க. சார்ஜ் ஒரு நாள்தான் தாங்கும். ராத்திரி சார்ஜ் போடாதீங்க, ஒன்னுக்குப் போக இருட்டுல எந்திரிக்குறது அப்பதான், சாயங்காலம் டிவி பாக்குற நேரத்துல போட்டுக்கச் சொல்லுங்க.