ஊமைப்பட காலத்து ஹாலிவுட் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: வீட்டுச் சுவர் அப்படியே அவர் மேல விழுமே, அது கிராபிக்ஸா சார்?

1928ல ஏது தம்பி கிராபிக்ஸ். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ அது. சுவர் நிஜம், ரெண்டு டன்னுன்னு சொல்வாங்க, மாடி ஜன்னல் ஓட்டை கரெக்டா அவர் நிக்கற இடத்துல வந்து இறங்கணும், கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா ஆளு காலி. 1924ல ‘ஷெர்லாக் ஜூனியர்’ எடுக்கறப்ப ரயில்வே தண்ணித் தொட்டிலேர்ந்து தண்ணி கொட்டி, தள்ளிவிட்டு பிடரி தண்டவாளத்துல அடிச்சுது, மனுசன் தலைவலின்னு நெனச்சுட்டு வேலைய பார்த்தாரு, கழுத்துல எலும்பு முறிஞ்சிருந்ததே பல வருஷம் கழிச்சு எக்ஸ்ரேல தான் தெரிஞ்சுது. ஒண்ணு சொல்லிடறேன், யூடியூப்ல தடதடன்னு ஓடற காப்பில பார்க்காதீங்க, அது ஸ்பீடு தப்பு.

கேள்வி: ‘பஸ்டர்’னு பேர் வெச்சது மேஜிக் ஹூடினி தானே?

குடும்பமே அப்படித்தான் சொல்லிட்டிருந்துது. நான் நம்பல.

கேள்வி: பேசும்படம் வந்து தான் மார்க்கெட் போச்சா?

இல்ல. 1928ல எம்ஜிஎம்ங்கற பெரிய சினிமா கம்பெனில சேர்ந்தது தான் வினை. அவர் பேசின படங்கள் நல்லாவே ஓடுச்சு. ஆனா ஸ்கிரிப்ட் இல்லாம ஷூட்டிங் போறவர புடிச்சு, எழுதினத மட்டும் நடின்னாங்க, ஸ்டண்டுக்கு டூப் போட்டாங்க. அதோட குடி, 1932ல விவாகரத்து, பசங்க பேருலேர்ந்து கீட்டன்ங்கறதையே அம்மா எடுத்துட்டாங்க, 1933ல கம்பெனியும் வெளிய அனுப்பிடுச்சு.

கேள்வி: குரல் சரியில்லாததால தான் ஃபீல்ட் அவுட்டாமே?

மேல சொன்னேனே, அத படிங்க.

கேள்வி: எப்படி பார்த்தாலும் சாப்ளின் கால் தூசிக்கு வருவாரா?

வந்துட்டீங்களா. சாப்ளின் சிரிச்சு அழவெப்பாரு, இவர் முகத்துல ஒண்ணுமே காட்ட மாட்டாரு, எனக்கு இவர் தான்.

கேள்வி: அப்ப சாப்ளின் மட்டும் எப்படி தப்பிச்சாரு?

இது கேள்வி! சாப்ளினுக்கு சொந்த ஸ்டுடியோ, சொந்தப் பணம், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்ங்கற சினிமா கம்பெனில பங்கு, அதனால 1931லயும் ஊமைப்படமே எடுத்தாரு, யார் தடுக்கறது? கீட்டனுக்கு படம் எடுத்தது ஜோசப் ஷெங்க், மனைவியோட அக்கா புருஷன், அவர் சொன்னாருன்னு தான் எம்ஜிஎம் போனாரு. சகலைய நம்பி கையெழுத்து போட்டா இப்படித்தான்.

கேள்வி: சாப்ளினோட ‘லைம்லைட்’ படத்துல கீட்டன் நல்லா பண்ணதால அவர் சீன சாப்ளின் வெட்டிட்டாராமே?

ஆதாரம் கிடையாது. நானே கீட்டன் கட்சி, இருந்தும் சொல்றேன். 1952ல ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்ச ஒரே படம் அது, சண்டை போடாம பாருங்க.

கேள்வி: டாக்கீஸ் வந்ததால தானே...

யப்பா.

கேள்வி: நான் புதுசு, எதுல ஆரம்பிக்கறது?

‘ஷெர்லாக் ஜூனியர்’. முக்கா மணி நேரம் தான் தங்கச்சி. தடதடன்னு ஓடுச்சுன்னா மூடிட்டு வேற பிரிண்ட் தேடுங்க.