மகன் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறார்: ஒரு தகப்பனாருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் மகன் படிப்பை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு மிஷனெரியாகப் போகிறேன் என்கிறாரே என்பது ஒன்று. தடுத்தால் தேவனுடைய அழைப்பையே தடுத்ததாகிவிடுமோ என்பது மற்றொன்று. இரண்டாவதை உங்கள் சேகர குருவானவரிடம் பேசுங்கள், அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தம்பி பட்டத்தை முடிக்கட்டும். "ஊழியம் சரிவராவிட்டால் கைவசம் ஒரு வேலை இருக்குமே" என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அவர் போக நினைக்கும் இடங்களில் இன்று என்ன ஆள் தேவைப்படுகிறது என்று பார்த்தால் காரணம் தானாகப் புரியும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் பிரசங்கம் செய்ய உள்ளூரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மொழியை வெளியூர்க்காரர் பத்து வருடம் கற்றாலும் அவர்களைப் போலப் பேச முடியாது. அங்கே பற்றாக்குறை வேறு. சபைகள் பெருகிய வேகத்துக்குப் பயிற்சி பெற்ற போதகர்கள் இல்லை. ஆகவே கேட்கப்படுவது உள்ளூர்த் தலைவர்களுக்கு வேதத்தைக் கற்றுக்கொடுத்து, நற்செய்திப் பணிக்கு அவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர். இருபத்திரண்டு வயதில், ஒரு சபையைக்கூட நடத்திப் பார்க்காதவர், இருபது வருடம் சபை நடத்தியவருக்கு என்ன கற்றுக்கொடுப்பார்? இந்தக் கேள்வியைக் கோபமில்லாமல் தம்பியிடம் கேளுங்கள்.

குவாத்தமாலாவில் நடந்த ஒன்றை அவருக்குச் சொல்லலாம். அங்கே பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி ஒன்று மாணவர்களை விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. படித்தவர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. கிராமச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்களோ நிலம், குடும்பம் என்று இருந்த நடுத்தர வயதுக்காரர்கள். அவர்களால் ஊரைவிட்டு வர முடியவில்லை. 1963 வாக்கில் கல்லூரியே அவர்களைத் தேடிப் போனது. வீட்டில் தாமாகப் படிக்கும் பாடநூல், சொந்தச் சபையில் அன்றாட ஊழியம், வாரம் ஒருமுறை ஆசிரியரோடு சந்திப்பு. தொலைதூர இறையியல் கல்வி என்று இன்று உலகம் முழுக்க நடப்பதற்கு வேர் அதுதான். இந்தியாவில் இதற்கென்றே 1971இல் பெங்களூரில் டாஃப்டி என்ற அமைப்பு தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பதால் உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு முதல் படியாக இதைத்தான் சொல்லுவேன். உள்ளே போய்ப் பார்த்து, இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அதிகச் செலவில்லாத வழி.

அடுத்தது முறையான பட்டம். இறையியல் பட்டம் என்ற பெயரில் தெருவுக்குத் தெரு ஏதோ ஒன்று கொடுக்கிறார்கள், அதனால் கவனம் தேவை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகள் பெரும்பாலும் ஏற்பது செராம்பூர் கல்லூரியின் செனட், அதாவது அதன் பட்டம் வழங்கும் குழு, தரும் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டத்தை. வங்காளத்தில் உள்ள அந்தக் கல்லூரி 1818இல் தொடங்கியது. பட்டம் வழங்கும் அதிகாரத்தை 1827இல் டென்மார்க் அரசர் சாசனமாகக் கொடுத்தார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூர் யுனைட்டெட் தியாலஜிக்கல் காலேஜ் ஆகியவை இதோடு இணைந்தவை. சுயாதீன சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் பல இடங்களில் ஏ.டி.ஏ. (ஆசிய இறையியல் கழகம்) அங்கீகாரம் பெற்ற எம்.டிவ். என்ற இறையியல் முதுநிலைப் படிப்பை ஏற்கின்றன. எதில் சேர்ந்தாலும், பின்னால் அரசு வேலைக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ அந்தப் பட்டம் செல்லுமா என்பதைச் சேருமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

தம்பி காட்டிய துண்டுப்பிரசுரத்தில் ஹாகாய் நிறுவனத்தின் தலைமைப் பயிற்சி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1969 முதல் நடக்கும் பழைய அமைப்பு அது. சிங்கப்பூரிலும் ஹவாயின் மௌயி தீவிலும் பலருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் சில வாரங்கள் போய்வருவதற்கான ஏற்பாடு அது. இப்போதுதான் தொடங்குகிறவருக்கான வாசல் அல்ல. பத்து வருடம் கழித்துத் தம்பியே விண்ணப்பிக்கட்டும்.

விசா விஷயத்தில் வீடுகளில் நிறையத் தவறான நம்பிக்கை இருக்கிறது. மத ஊழியர்களுக்கான அமெரிக்காவின் ஆர்-1 விசா கேட்பவர் அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது அந்தச் சபைப்பிரிவின் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 30 மாதம், மொத்தம் 5 ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு சபை மாறும் பையன்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. பிரிட்டனுக்குப் போவதென்றால் உரிமம் பெற்ற அமைப்பு ஒன்று அழைக்க வேண்டும். நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேண்டாம், பக்கத்து நாடுதானே என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தண்டனைச் சட்டப்படி மதமாற்ற முயற்சிக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு, வெளிநாட்டவர் என்றால் நாடுகடத்தலும் உண்டு. வளைகுடா நாடுகளிலும் கட்டுப்பாடு கடுமை. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் அதற்குமேல் பேச்சே வேண்டாம். "வெளிநாட்டு மிஷனெரி இடம் இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள்" என்பவரிடமும் அப்படித்தான். ஒழுங்கான மிஷனெரி சங்கம் ஆள் எடுக்கக் காசு கேட்காது.

அனுப்புகிற சங்கத்திடம் நீங்களே நேரில் போய் விசாரிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதம் எவ்வளவு கொடுப்பார்கள், அதில் எவ்வளவைத் தாங்கும் குடும்பங்களிடம் அவரே திரட்ட வேண்டும், மருத்துவச் செலவு யாருடையது, பிள்ளைகள் படிப்புக்கு என்ன ஏற்பாடு, நடுவில் திரும்பிவர நேர்ந்தால் என்ன? தணிக்கை செய்த கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பணத்தை நம்பி நடக்கும் சங்கமென்றால் அதை வாங்க அனுமதிக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உயிரோடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது ரத்தானால் பணித்தளத்தில் இருப்பவரின் மாதப்படிதான் முதலில் நிற்கும்.

உங்கள் மாவட்டத்துக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். அவர் நேராகப் பணித்தளத்துக்கு ஓடவில்லை. பல ஆண்டுகள் ஒய்.எம்.சி.ஏ.யில் செயலாளராக வேலை பார்த்தார். குருப்பட்டம் பெற்றது 1909இல். தெலுங்கு கற்று, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் அங்கேயே பேராயரானார். அங்கே அவர் அதிகம் உழைத்தது கிராமத்து உபதேசிமாரையும் அவர்களுடைய மனைவிமாரையும் பயிற்றுவிப்பதில். (அசரியாவே கல்லூரிப் பட்டம் வாங்கவில்லையே என்று தம்பி மடக்கக்கூடும். உண்மைதான். ஆனால் தோர்ணக்கல்லுக்கு விசா வேண்டியிருக்கவில்லை.)

ஆகவே என் யோசனை இது. படிப்பை முடித்து, கேம்பஸில் கிடைத்த வேலையில் தம்பி சேரட்டும். மாலையில் டாஃப்டி பாடம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பெடுப்பது, விடுமுறையில் வடமாநிலப் பணித்தளம் ஒன்றில் மிஷனெரிகளோடு தங்கி, பாத்திரம் கழுவுவது முதல் எல்லா வேலையும் செய்வது. இரண்டு வருடம் கழித்தும் மனம் மாறவில்லை என்றால் திருமண்டலத்தின் சிபாரிசோடு பி.டி.க்கு அனுப்புங்கள், அப்போது நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். வெளிநாடு அதற்கும் பிறகு. இந்த ஒப்பந்தத்தை அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாம் செமஸ்டரில் இரண்டு அரியர் இருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கான தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று இன்றே கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.