காசில் நிற்கும் மன்னர்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறது. பாட்டியின் சுருக்குப் பையில் ஒரு பழைய செப்புக் காசு கிடைத்தது. ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம். முகமோ வெறும் புள்ளியும் கோடுமாக இருக்கிறது. அச்சு வெட்டும் எங்களுக்கு இது கைத்திறன் குறைந்த வேலையாகத் தெரிகிறது. மன்னர் ஒருவர் தம்மை இப்படியா காட்டிக்கொண்டிருப்பார்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நீங்கள் சொல்லும் அமைப்பு முதலாம் இராசராச சோழன் (985–1014) காலத்தில் பரவிய காசுக்கு உரியது. அமர்ந்த உருவத்தின் கையருகே, வடமொழி எழுதப் பயன்பட்ட நாகரி எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவை 'ஸ்ரீராஜராஜ' என்று படிக்கக் கிடைத்தால் அது சோழர் காசு. இதே அமைப்பைப் பின்னர் இலங்கை அரசர்களும் எடுத்துக்கொண்டு, பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி எனத் தத்தம் பெயரில் அடித்தார்கள். ஆகவே எழுத்தைப் படிக்காமல் யாருடையது என்று முடிவு கூற இயலாது.

கைத்திறன் குறைவு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பி, செப்புத் திருமேனிகளை வார்த்த காலம் அது. முகம் வடிக்கத் தெரியாதவர்கள் அல்லர். கைக்குக் கை மாறித் தேயப்போகும் சிறு வட்டில் முகச்சாயலைவிட, பார்த்த மாத்திரத்தில் அரசனை உணர்த்தும் தோற்றமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

அரசியல் செய்தியை இன்னும் அழுத்தமாகச் சொல்பவை புலிக் காசுகள். இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் காசிலேயே சோழரின் புலிக்கு அருகில் பாண்டியரின் மீன் இடம்பெற்றுவிட்டது. இராசராசனின் மகன் இராசேந்திரனின் காசில், குடையின்கீழ் புலி அமர்ந்திருக்க, பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் பக்கத்தில் நிற்க, 'கங்கைகொண்ட சோழ' என்ற பட்டம் நாகரியில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்தை அறியாத வணிகருக்கும், குடை யாருக்கு, பக்கத்தில் நிற்பவர் யார் என்பது விளங்கியிருக்கும். 13ஆம் நூற்றாண்டில் சோழநாட்டை வென்ற பாண்டியர், அதே செய்தியைத் திருப்பி, 'சோணாடு கொண்டான்' என்று தமிழிலேயே காசில் பொறித்தார்கள்.

உங்கள் காசைப் புளி போட்டுத் துலக்கிவிட வேண்டாம். மேடான எழுத்து தேய்ந்தால் பெயர் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் அகற்றி, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.