பழைய ராலே ஃபிரேம் 531 குழாய்தானா? சீட் போஸ்ட் அளவே பாதி பதில்

கேள்வி: எழுபதுகளில் இங்கிலாந்தில் தயாரான ராலே ரோடு சைக்கிள் ஃபிரேம் ஒன்று வாங்கினேன். மறுபடி பெயின்ட் அடித்திருப்பதால் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. விற்றவர் "ரெனால்ட்ஸ் 531 குழாய்" என்று அடித்துச் சொல்கிறார். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்டில் 26.4 (மி.மீ.) என்று பொறித்திருக்கிறது. 531தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 531 ஸ்டிக்கர் வாங்கி ஒட்டவும், பாட்டில் மாட்டும் திருகுகளை வெல்டிங் கடையில் வைத்து வாங்கவும் யோசனை. செய்யலாமா?

பதில்: போஸ்ட் அளவை எழுதினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. இப்போதைக்குக் கையில் இருக்கும் கெட்டியான சாட்சி அது ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம். மலிவான குழாயோ உயர்ந்த ரகமோ, எஃகின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே, விறைப்பும் அப்படித்தான். மாறுவது வலிமை. பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531, மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த எஃகு. வலிமை கூடியதால் குழாயின் சுவரை மெலிதாக்க முடிந்தது. அதனால் நாம் தேட வேண்டியது சுவரின் தடிமனை. வெறும் எடையை நம்பினால் ஃபிரேமின் உயரம், குழாய்களை இணைக்கும் உறைகளான லக்குகள் எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும்.

தடிமனை அளக்க ஏற்ற இடம் சீட் டியூப், அதாவது சீட் போஸ்ட் நுழையும் குழாய். நல்ல ஃபிரேம்களில் 'பட்டட்' குழாய் போடுவார்கள்: மூட்டு வரும் முனைகளில் தடிமன், நடுவில் மெலிவு. சீட் டியூபில் மட்டும் பெரும்பாலும் கீழ்முனைதான் தடிமன், மேல்முனை மெலிந்தே இருக்கும். போஸ்ட் நுழைவது அந்த மெலிந்த முனையில். ஆங்கிலேய அளவில் சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. சுவர் 0.6 என்றால் இரு பக்கமும் போக 27.4 மிஞ்சும், போஸ்ட் நுழையச் சற்று இடம் விட்டால் 27.2. பழைய சைக்கிள் ஆர்வலர்கள் 27.2 என்றதும் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

உங்கள் 26.4இன் கணக்கைப் பார்த்தால் சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர். அதாவது மெலிந்த ரகப் பட்டட் குழாய் இல்லை. அதற்காக விற்றவர் பொய் சொன்னார் என்று ஆகாது. 531இலேயே முழு நீளமும் ஒரே தடிமனான குழாய் உண்டு. எழுபதுகளின் ராலே சூப்பர் கோர்ஸில் மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் அந்த ரகம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் பின்பக்கக் குழாய்களும் சாதாரண எஃகு. உங்களுடையது அந்த வகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் அந்தப் போஸ்ட் சரியான அளவுதானா என்று பாருங்கள். சீட் போல்ட் போகும் இரண்டு காதுகளும் மேல்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தால், யாரோ சின்ன போஸ்டைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். போஸ்டைக் கழற்றிவிட்டு வெர்னியர் காலிப்பரால் உள்விட்டத்தை முன்பின்னாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் 26.4ஐ நம்பலாம். வெளிவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் அது 28.0, அங்கே இதே 26.4 போஸ்ட், மெலிந்த பட்டட் 531க்கே பொருந்தும். 28.0 வந்தால் ஃபிரேம் ராலேதானா என்றே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து பாட்டம் பிராக்கெட்டை, அதாவது பெடல் அச்சு சுழலும் பகுதியைக் கழற்றி, டார்ச் அடித்து சீட் டியூப், அங்கிருந்து முன்பக்கம் ஏறும் டவுன் டியூப் இரண்டின் உட்புறத்தையும் பாருங்கள். விரல் எட்டும் தூரம்வரை தடவுங்கள். நீளவாக்கில் ஒரு கோடு தட்டுப்பட்டால் அது தகட்டை வளைத்து ஒட்டிய குழாய். 531 ஒட்டுப்போடாத குழாய், ஆகவே கதை அங்கேயே முடிந்தது. கோடு இல்லை என்பதால் மட்டும் 531 என்று ஆகிவிடாது. திருகுச் சுருளாக மேடுகள் தெரிந்தால் அது வேறு கதை: இத்தாலியின் கொலம்பஸ் எஸ்எல்எக்ஸ் குழாயின் அடையாளம் அது. ராலேயில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ரெனால்ட்ஸ், ராலே இரண்டும் அப்போது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கையில் இருந்தவை. 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியதும் அந்தக் குழுமம்தான்.

ஃபோர்க்கையும் கழற்றி, ஃபிரேமுக்குள் நுழையும் அதன் மேல்பகுதியான ஸ்டியரர் குழாயில் ஏதாவது பொறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பெயின்ட் அடிப்பவர் கைவைப்பது அபூர்வம். பின்சக்கரம் உட்காரும் டிராப்அவுட், தகட்டில் வெட்டி எடுத்த தட்டையான துண்டா, மேடுபள்ளத்தோடு பெயர் பொறித்த, சூடாக்கி அடித்து உருவாக்கிய துண்டா என்பதும் நல்ல துப்பு. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த ராலே வரிசை எண்ணில் முதல் எழுத்து ஆலையைக் காட்டும்: என் என்றால் நாட்டிங்ஹாம், டபிள்யூ என்றால் வொர்க்சாப்.

ஸ்டிக்கர் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். 531 ஸ்டிக்கர்களின் வாசகம் ரகத்துக்கு ரகம் வேறு. எல்லாக் குழாய்களும் பட்டட் என்று சொல்வது ஒன்று, முக்கியக் குழாய்கள் மட்டும் என்பது இன்னொன்று. பட்டட் ஸ்டிக்கரை இதில் ஒட்டினால், நாளை உங்களிடமிருந்து வாங்குபவரை ஏமாற்றியதாகிவிடும். மேலே சொன்னவை எல்லாம் பொருந்தி வராதவரை ஒட்டாமல் விடுவதே சரி.

அப்புறம் அந்த வெல்டிங். வேண்டவே வேண்டாம். 531 பிரேஸிங் முறைக்கு, அதாவது லக்குக்குள் பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி இணைப்பதற்கு வந்த எஃகு. ஆர்க் வெல்டிங்கின் சூட்டில் பக்கத்து உலோகம் நொறுங்கும் தன்மை பெற்று, பின்னாளில் விரிசல் விடும். திருகு கட்டாயம் வேண்டுமென்றால் வெள்ளி பிரேஸிங் தெரிந்த ஃபிரேம் கைவினைஞரிடம் போங்கள். இல்லாவிட்டால் குழாயைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் வாங்குங்கள், கீழே ஒரு ரப்பர் பட்டை வைத்து. அந்தக் காலத்து ராலேக்கள் பலவற்றில் பாட்டில் கூடை அப்படித்தான் நின்றது. துளை போடும் வேலையே இல்லை.