அம்மாவின் மார்பில் கட்டி. பொகவந்தலாவையில் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து ஒரு மாதமாகிறது. அடுத்து என்ன செய்வது?

பொகவந்தலாவ என்கிறீர்கள், அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். "நோகலையே" என்றுதான் மாதம் ஓடியிருக்கும். மார்புப் புற்று பெரும்பாலும் தொடக்கத்தில் நோகாது.

அன்டிபயோட்டிக் ஒரு தடவை முடித்தும் கட்டி கரையாவிட்டால் இரண்டாந்தடவை வாங்காதீர்கள். டிஸ்பென்சரிக்காரரைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவரிடம் ஸ்கேனும் இல்லை, சதை எடுத்துச் சோதிக்கும் பயொப்சி ஊசியும் இல்லை. சுகவனிதையர் கிளினிக் நாளுக்கும் காத்திருக்க வேண்டாம், அது நோய்க்குறி இல்லாதவர்களுக்கானது. டிஸ்பென்சரியில் துண்டு (ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம்) வாங்கிக்கொண்டு நுவரெலியா பெரியாஸ்பத்திரியின் சேர்ஜிக்கல் கிளினிக்குக்குப் போங்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். ஆகவே ஸ்கேனையும் டொக்டரையும் ஒரே நாளில் போட முடியுமா என்று கேளுங்கள்.

கையால் பார்ப்பது, மெமோகிராம் அல்லது ஸ்கேன், ஊசிப் பயொப்சி: மூன்றும் வேண்டும். படம் முதலில், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கட்டினால் படம் குழம்பும். மெமோகிராமில் ஒன்றுமில்லை என்றாலும் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் விடக்கூடாது. "வெட்டியே எடுத்துவிடலாம்" என்றால், முதலில் ஊசியால் ஏன் எடுக்க முடியாது என்று கேளுங்கள். புற்றென்று தெரியாமல் வெட்டினால் பல நேரம் மறுபடியும் வெட்ட வேண்டிவரும்.

நாள் அதிகம் தொலைவது ஊசிக்குப் பிறகுதான். சதையை எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள், அதைப்போல் பத்து மடங்கு 10% போர்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போடவேண்டும். அதில் கிடக்கும் நேரம் 6 மணித்தியாலத்துக்குக் குறைந்தாலும் 72ஐத் தாண்டினாலும், எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈ.ஆர்., ஹெர்2 சோதனை முடிவுகள் பிழைக்கலாம். நீண்ட லீவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த போத்தல் இப்படித்தான் கெடும். முடிந்தால் திங்கள், செவ்வாய் கேளுங்கள். எந்த லெப், என்ன நம்பர் என்று குறித்துக்கொண்டு, இரண்டு கிழமையில் நீங்களே போன் எடுங்கள்.

பெயர்தான் மலையகத்தின் தனி வியாதி. ஐடென்டிட்டி காட்டில் லெட்சுமி, தோட்டப் பதிவில் லச்சுமி, கிளினிக் கொப்பியில் எழுதுகிறவர் காதில் விழுந்தது. லெப்பில் வந்து கிடக்கும் ரிப்போர்ட் "இன்னும் வரல்ல" ஆவது இதனால். இலங்கையில் தமிழ் 1987இலேயே அரச கரும மொழியானது. இன்னமும் நம் பெயரை நாமே எழுத்துக்கூட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது! போத்தல், துண்டு, கொப்பி மூன்றிலும் ஐடென்டிட்டி காட்டிலுள்ள பெயரும் நம்பரும் அப்படியே இருக்கிறதா, எந்தப் பக்க மார்பு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் நாள் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு தெரியவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. உங்களுக்கு முப்பது போய்விட்டது.

ரிப்போர்ட்டில் புற்றில்லை என்று வந்தும் கட்டி பெருத்தால், ஊசி கட்டியில் படாமல் போயிருக்கலாம். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.