தோற்றவர்களுக்கு விசுவாசம் இல்லையா?

கேள்வி: கிதியோன் 300 பேரை வைத்துக்கொண்டு மீதியானியரை விரட்டினான். யூதாவின் ராஜா யோசபாத் பாடகர்களை முன்னே அனுப்பியே ஜெயித்தான். கர்த்தரை முழு மனதோடு நம்பிப் போரில் இறங்கினால் தோல்வியே கிடையாது, தோற்றவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்பதுதானே பழைய ஏற்பாடு சொல்வது?

பதில்: இல்லை. ஜெயித்த கதைகளை மட்டும் பொறுக்கி வாசித்தால் அப்படித்தான் தோன்றும். 1 சாமுவேல் நாலாம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள்.

பெலிஸ்தரோடு மோதியதில் இஸ்ரவேலர் சுமார் 4,000 பேர் விழுந்தார்கள். 'கர்த்தர் இன்று நம்மை ஏன் முறியடித்தார்?' என்று மூப்பர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் பதிலுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. கர்த்தர் தங்களோடு இருப்பதன் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து தூக்கிவர ஆள் அனுப்பிவிட்டார்கள். பெட்டி பாளயத்துக்குள் வந்ததும் போட்ட ஆர்ப்பரிப்பில் பூமி அதிர்ந்ததாம். நம்பிக்கைக்கு அன்று குறைச்சலே இல்லை. நடுங்கியவர்கள் பெலிஸ்தர்தான். 'ஐயோ, நமக்கு மோசம் வந்தது' என்று புலம்பிவிட்டு, ஆண்பிள்ளையாய் நின்று சண்டை போடுங்கள் என்று ஒருவரையொருவர் உசுப்பிக்கொண்டு வந்தார்கள். முடிவு? நம்பியவர்கள் பக்கம் 30,000 காலாட்கள் பிணமானார்கள். பெட்டியும் பறிபோனது. கண் மங்கிய ஆசாரியன் ஏலி, 98 வயதுக் கிழவர், வழியோரம் ஆசனத்தில் காத்திருந்தார். இரண்டு மகன்களும் செத்தார்கள் என்ற சேதிவரை தாங்கினார். பெட்டி பிடிபட்டது என்றதும் மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து இறந்தார்.

அந்த மகன்கள் ஓப்னியும் பினெகாசும் அக்கிரமக்காரர்கள், அதனால் வந்த தோல்வி என்பீர்கள். சரி. அப்படியானால் நாம் எவ்வளவு உறுதியாக நம்புகிறோம் என்பது ஜெயத்தைத் தீர்மானிப்பதில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

கிதியோனையும் விசுவாச வீரனாக்கி மாலை போட வேண்டாம். அவன் திரட்டியது 32,000 பேரை. 300 ஆகக் குறைத்தது கர்த்தர். 'என் கை என்னை ரட்சித்தது' என்று இஸ்ரவேலர் பெருமையடித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம். கிதியோனோ ஆட்டுத்தோலை இரண்டு ராத்திரி போட்டுச் சோதித்தவன், கடைசி இரவிலும் பயந்துபோய் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு எதிரி பாளயத்தின் ஓரத்தில் ஒட்டுக்கேட்டவன். நீங்கள் அதே கதையை வைத்து 'என் விசுவாசம் என்னை ரட்சித்தது' என்கிறீர்கள். பெருமை கையிலிருந்து மனசுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் காட்டும் யோசபாத்தே இன்னொரு போரில் இஸ்ரவேலின் ராஜா ஆகாபோடு சேர்ந்து ராமோத் பட்டணத்துக்குப் போனான். 'போங்கள், ஜெயம் உங்களுக்கே' என்று 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் சொன்னார்கள். தோல்வி என்று சொன்ன மிகாயா ஒருவனுக்குச் சிறை கிடைத்தது. எவனோ குறிபாராமல் எய்த அம்பு கவசத்தின் சந்தில் புகுந்து ஆகாப் செத்தான். யோசபாத் கூக்குரலிட்டுத்தான் உயிர் தப்பினான். ஜெயத்தை உறுதியாய்ச் சொல்லும் கூட்டத்தைப் பற்றி வேதமே வைத்திருக்கும் அபிப்பிராயம் இது.

யூதாவின் ராஜா எசேக்கியாவைப் பலரும் அடுத்து இழுப்பார்கள். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தபோது எருசலேம் தப்பியது உண்மை. அந்த நம்பிக்கைக்காரன்தான் மதிலைப் பழுதுபார்த்தான், ஆயுதம் செய்தான், நீரூற்றை அடைத்துத் தண்ணீரை நகருக்குள் திருப்பினான். அந்த வேலையாகவே கருதப்படும், பாறையைக் குடைந்து வெட்டிய சுமார் 530 மீட்டர் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. அதே படையெடுப்பில் லாகீஸ் பட்டணம் விழுந்தது. மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாக அதன் ஜனங்கள் சிறைபோகும் காட்சியை அசீரியர்கள் கல்லில் செதுக்கினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். அவர்களும் யூதா ஜனங்கள்தான். அவர்கள் ஜெபித்திருக்க மாட்டார்களா?

தோற்றவர்களின் வாக்குமூலமே வேண்டுமென்றால் 44-ஆம் சங்கீதம் இருக்கிறது. 'என் வில்லை நான் நம்பேன்' என்கிறார்கள். அப்புறமும் தோல்வி. 'இதெல்லாம் எங்கள்மேல் வந்திருந்தும் உம்மை நாங்கள் மறக்கவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லி, 'ஏன் நித்திரைபண்ணுகிறீர்?' என்று கர்த்தரையே உலுக்குகிறார்கள். கடைசி வசனம்வரை பதில் வருவதில்லை. எங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர்கள் ஓரிடத்திலும் ஒத்துக்கொள்ளவும் இல்லை.