பீலிக்கு வலை போடலாமா?

கேள்வி: ரொறொன்ரோ, ஸ்காபரோவில் இரண்டு மாடி வீடு. முன்னால் தெருவோரம் நகரசபை வைத்த பெரிய மேப்பிள் மரம். ஒவ்வொரு வருடமும் ஈவ்ஸ்ட்ரஃப், அதாவது கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் பீலி, அடைத்து, மழை வந்தால் முன் வாசலில் அருவி மாதிரிக் கொட்டுகிறது. சுத்தம் செய்ய ஆள் பிடித்தால் ஒரு தடவைக்கு 180 டொலர். வருடத்துக்கு இரண்டு தடவை. போன கிழமை ஒரு கம்பனிக்காரர் வந்து, வீட்டைச் சுற்றி 160 அடிக்கும் மெல்லிய கம்பி வலை போட 9,600 டொலர் என்றார். நாங்கள் தயங்கியதும் போனில் யாருடனோ பேசிவிட்டு, இன்றைக்கே கையெழுத்து வைத்தால் 6,800 என்றார். வாழ்நாள் உத்தரவாதமாம், இனி ஏணியே தேவையில்லையாம். கணவருக்குப் பிடித்துவிட்டது, எனக்கு மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை திரும்ப வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: வரட்டும், ஒரு தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம். ஒரு போன் அழைப்பில் 2,800 டொலர் குறைகிறது என்றால் அந்த 9,600 முதலிலேயே விலை இல்லை. 6,800-ம் விலைதானா என்பது எனக்குச் சந்தேகம்.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 360 டொலர் கொடுக்கிறீர்கள். 6,800-ஐ 360-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 வருடம். அதுவும் வலை போட்ட பிறகு ஒரு சதமும் செலவாகாது என்று வைத்துக்கொண்டால்தான். அப்படி நடக்காது. வலைக்கு மேல் படிவதை யாராவது தட்டிவிட வேண்டும். 19 வருடத்துக்குள் பெரும்பாலும் கூரை மேல் ஓடு மாதிரிப் பதிக்கும் ஷிங்கிளை ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும். அப்போது ஷிங்கிளுக்கு அடியில் செருகிய வலை என்றால் அதையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அதற்காக வலையே வீண் என்று சொல்ல வரவில்லை. எந்த இடத்தில், எந்த மரத்துக்கு, எந்த வலை என்பதுதான் விஷயம்.

பத்து வருடத்துக்கு முன் நானும் ஒன்று போட்டேன், கடையில் துண்டு துண்டாக விற்கும் பிளாஸ்டிக் வலை. ஒரு ஜூன் மாதம் ஏறிப் பார்த்தால், ஓட்டைக்கு ஒன்றாக மேப்பிள் விதை தலைகீழாகக் குத்தி, இறகு மேலே நீட்டிக்கொண்டு, நாற்றுமேடை மாதிரி வரிசையாக நிற்கிறது. சிலது இலையும் விட்டிருந்தது. கழற்றப் போனேன்; வெயிலிலும் குளிரிலும் நொருங்கிய பிளாஸ்டிக் துண்டு துண்டாகக் கையோடு வந்தது. அடியில் கறுப்புச் சேறு. விரலில் நசுக்கினால் மணல் போல் நறநறத்தது. ஷிங்கிளில் இருந்து உதிரும் சிறு கற்கள்தான் அவை. வலையின் ஓட்டைகள் அவற்றுக்குத் தாராளம்.

உங்களுக்குக் காட்டிய மெல்லிய கம்பி வலை அந்தக் கல்லையும் நிறுத்தும். ஆனால் நிறுத்தியதை மேலேயே வைத்திருக்கும். மகரந்தமும் தூசியும் சேர்ந்து நாளடைவில் ஒரு படலமாகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழுக்கி வெளியே பாயும். ஊசியிலை மரங்களுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு இந்த வகைதான் சரி, மற்ற வலைகளில் ஊசிகள் புகுந்துவிடும். மேப்பிள் இலைக்கு இவ்வளவு நுண்மை தேவையில்லை. வளைந்த மூடி போல ஒரு வகையும் உண்டு. தண்ணீர் அதன் வளைவைப் பிடித்துக்கொண்டு ஒரு கீற்று வழியாக உள்ளே போகும், இலை கீழே விழும். சாதாரண மழைக்கு நன்றாகவே வேலை செய்யும், அடைமழையில் தண்ணீர் வளைவைத் தாண்டிக் குதிக்கும். பீலிக்குள் திணிக்கும் ஸ்பொஞ்சை வாங்கவே வாங்காதீர்கள், விதை முளைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

தாண்டிக் குதிப்பது சின்ன விஷயமில்லை. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லீற்றர். 2024 ஜூலை 16 அன்று ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீட்டர் பெய்தது. 100 சதுர மீட்டர் கூரை என்றால் அன்றைக்கு 9,780 லீற்றர், அதில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள். அது பீலிக்குள் போகாமல் சுவரோரம் விழுந்தால் அடுத்து பேஸ்மென்ட்தான்.

இப்போது உங்கள் முன் வாசல் அருவிக்கு வருகிறேன். அது அடைப்பால்தான் வருகிறதா? அடுத்த பெரிய மழைக்கு ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, எந்த இடத்தில் வழிகிறது என்று பாருங்கள். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மூலையில் மட்டும் வழிந்தால் குற்றம் இலையுடையது அல்ல. இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே வாய்க்காலாக ஓடிவந்து பீலியைத் தாண்டிப் பாய்கிறது. பீலி கழுவி வைத்ததுபோல் இருந்தாலும் பாயும். அங்கே வலை போட்டால் இன்னும் மோசம், தண்ணீருக்கு வழுக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. அந்த மூலைக்கு வேண்டியது பீலியின் வெளி விளிம்பில் நிமிர்த்தி வைக்கும் ஒரு அலுமினியத் தகடு. கீழிறங்கும் குழாய் 2 அங்குலத்துக்கு 3 அங்குலமாக இருந்தால், 3-க்கு 4 ஆக மாற்றலாம்.

அந்த மூலையில் இல்லாமல் வேறெங்கோ வழிந்தால் கீழிறங்கும் குழாயின் முதல் வளைவைச் சந்தேகப்படுங்கள். பீலியைச் சுத்தம் செய்துவிட்டு அந்த வளைவைத் தொடாமல் போகிறவர்கள் நிறையப் பேர். 180 டொலர் வாங்குகிறவரிடம் மேலேயிருந்து ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் வெளியே வரும் வாய் சுவரில் இருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

அப்புறம் மரம். மேப்பிள் என்றால் எந்த மேப்பிள்? இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அனேகமாக நோர்வே மேப்பிள். அதன் விதையும் இலையும் இலையுதிர் காலத்திலேயே விழும், இலை மற்ற மரங்களெல்லாம் மொட்டையான பிறகும் நிற்கும். அப்படியானால் ஒக்டோபரில் சுத்தம் செய்து பயனில்லை. நவம்பர் கடைசியில் ஒரே ஒரு தடவை போதும், அதிலேயே வருடம் 180 மிச்சம். சில்வர் மேப்பிள் என்றால் விதை வசந்தத்தின் கடைசியில் கொட்டும். அதற்கு இரண்டு தடவையும் தேவைதான்.

மரம் முன்பக்கம் மட்டும் நிற்கும்போது பின்பக்கத்துக்கும் சேர்த்து 160 அடிக்கு ஏன் வலை? பின் பீலியில் அடைப்பு வந்ததாக நீங்கள் எழுதவும் இல்லை. முன்பக்கம் ஒரு 60 அடி இருக்குமா? பீலி வேலையே செய்கிற உள்ளூர்க்காரர் இருவரிடம், ஓட்டை போட்ட அலுமினிய வலைக்கு அடிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவர் 10 டொலர் என்று சொன்னால்கூட 600 டொலரோடு முடிந்தது. ஷிங்கிளுக்கு அடியில் செருகாமல், பீலியின் விளிம்பிலேயே திருகி இறுக்குகிற வகையாக இருக்கட்டும். போடுவதற்கு முன் பீலியைச் சுத்தம் செய்து, சாய்வு சரிதானா, பீலியைத் தாங்கும் பலகை உக்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்லவும் வேண்டும். உக்கின பலகையில் எந்த வலையும் நிற்காது.

கணவருக்கு அந்த வாழ்நாள் உத்தரவாதம்தான் பிடித்தது என்றால் சனிக்கிழமை அவரையே கேட்கச் சொல்லுங்கள்: வலைக்கு மேல் இலை சேர்ந்தால் யார் வந்து எடுப்பது? தண்ணீர் வெளியே பாய்ந்து பேஸ்மென்ட் நனைந்தால் அது உத்தரவாதத்துக்குள் வருமா? வீட்டை விற்றால் அடுத்தவருக்குப் போகுமா? பதிலை வாயால் சொன்னால் போதாது, பத்திரத்தில் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டட்டும்.

அப்படியும் மனம் இளகிக் கையெழுத்து வைத்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்ததில் இருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். நீங்களே அழைத்து அவர் வந்திருந்தாலும் இது பொருந்தும். மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ, கையில் சான்று இருக்கிற மாதிரி அனுப்புங்கள். கட்டிய பணத்தை 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். 2018-இல் வந்த வீட்டு வாசல் விற்பனைத் தடை இவர்களைக் கட்டுப்படுத்தாது. ஹீட்டர், ஏசி, தண்ணீர் வடிகட்டி போன்றவைதான் அந்தப் பட்டியலில் உள்ளன.

கேள்வி: நாங்கள் ஹோம் ஷோ (வீட்டுப் பொருள் கண்காட்சி) ஒன்றில் பீலி வலைக்குக் கையெழுத்து வைத்து 1,000 டொலர் முற்பணமும் கட்டிவிட்டோம். இன்னும் 10 நாள் ஆகவில்லை. ரத்துச் செய்யலாமா?

பதில்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். வீட்டில் வைத்துச் செய்யும் ஒப்பந்தத்துக்கு உள்ள அந்த 10 நாள் சலுகையில் இருந்து, வர்த்தகக் கண்காட்சியில் செய்ததைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அவர்களுடைய பத்திரத்திலேயே ரத்துச் செய்யும் விதி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலர் தாங்களாகவே சில நாள் அவகாசம் கொடுப்பதுண்டு. இல்லாவிட்டாலும் இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். இன்னும் அளவெடுக்க வராத கட்டத்தில் இறங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை தொடங்குவதாகப் பத்திரத்தில் போட்ட தேதியையும் குறித்து வையுங்கள். அதைத் தாண்டி 30 நாளாகியும் தொடங்கவில்லை என்றால் ரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

கேள்வி: வலை போட்டால் குளிர்காலத்தில் பீலியில் பனிக்கட்டி தொங்காது என்கிறார்களே?

பதில்: தொங்கும். வீட்டுச் சூடு கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில் ஏறிக் கூரையைச் சூடாக்க, மேலே பனி உருகி, சூடில்லாத கூரை விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைகிறது. வலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காசை அட்டிக்கின் இன்சுலேஷனுக்கும் காற்றோட்டத்துக்கும் போடுங்கள், ஹீட்டிங் பில்லும் குறையும்.

கேள்வி: எங்களுடையது கொண்டோ டவுன்ஹவுஸ். நாங்களே வலை போடலாமா?

பதில்: கூரையும் பீலியும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான சொத்து. கொண்டோ நிர்வாகத்தைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். அடைத்திருந்தால் வழிகிற நேரத்தில் போனில் ஒரு வீடியோ எடுத்து மானேஜருக்கு அனுப்புங்கள். சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு என்றால் அதற்கான காசை நீங்கள் ஏற்கெனவே மாதக் கட்டணத்தில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.